கறுப்புச் சுவர் விலகிய இடம்

ஆரணியில் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. ஒரு துண்டுச் சவுக்காரத்தை அந்த நீரில் தேய்த்துப் பார்ப்பார்கள். நுரை பொங்கினால் நல்ல தண்ணீர். நுரைக்காமல் பால் திரிந்தாற்போல வெள்ளையாகத் திரண்டு நின்றால், அந்த நீரில் வேகவைக்கும் பட்டு நூலெங்கும் அந்தத் திரள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஏற்றும் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். திட்டு விழுந்த நூலை எந்த நெசவாளரும் தறியில் ஏற்ற மாட்டார். நம் குடும்பத்து மருமகள் புஷ்பலதா ஆரணியில் இருப்பதா, ஊரை விட்டுப் போவதா என்ற கேள்விக்கு விடை இந்த நுரையில்தான் இருந்தது. ஆகவே இங்கிருந்தே தொடங்குவது முறை.

புஷ்பலதாவின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்றாகவும் அவருடைய தாயார் சொல்வதில் வேறொன்றாகவும் இருக்கிறது. பள்ளியில் சேர்ப்பதற்காகச் சில மாதங்கள் கூட்டிச் சொன்னதாகத் தாயாரே ஒப்புக்கொண்டதால், தாயார் சொன்னதே இந்தக் குடும்ப ஏட்டில் ஏற்கப்பட்டுள்ளது. எப்படிப் பார்த்தாலும் இப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். தந்தை கந்தசாமி பாவு நீட்டுகிற தொழிலில் இருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. விடிந்ததும் அதைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். சிறுமியாக இருந்தபோது புஷ்பலதாவின் வேலை, பாவின் ஓரமாக நடந்துகொண்டே தொய்வு விழுந்த இழையைக் கண்டுபிடித்துக் கத்துவது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெருக்கோடி வரை எது நேர், எது கோணல் என்று சொல்லிவிடுவார். இன்றும் அந்தக் கண் அவருக்கு உண்டு. இந்தக் கதையில் அவரைத் தவறான இடத்துக்கு அழைத்துப்போனதும் அதே கண்தான்.

கல் பொறுக்கும் பழக்கமும் அவருக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது. கந்தசாமிக்குக் களம்பூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புன்செய் நிலம் இருந்தது. அதன் மேற்கு ஓரத்தில் தொடங்கி, கறுப்புக் கற்களாலான ஒரு நீள மேடு, ஏரிக்கரை போல மேற்கு நோக்கி நேராகப் போகும். சுற்றிலும் உள்ள பாறையெல்லாம் சாம்பல் வெள்ளை. அது மட்டும் மையாய்க் கறுப்பு. உருண்டை உருண்டையான அந்தக் கற்களைச் சுத்தியால் தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும். அங்கே ‘மல்லாட்டை’ எனப்படும் வேர்க்கடலையைப் பிடுங்கப் போகும்போதெல்லாம் புஷ்பலதா மடியில் ஒரு கறுப்புக் கல்லுடன் திரும்புவார்.

திருமணம் ஆனபோது கந்தசாமி அந்த நிலத்தையே மகளுக்கு எழுதிவைத்தார். கணவர் தமிழ்வாணன் சாயப்பட்டறை நடத்துபவர். நிறம் கூட்டுவதில் கைதேர்ந்தவர். மனைவி வந்தபின் பட்டறை இரண்டு பேருடைய பட்டறையாயிற்று. தமிழ்வாணன் நிறம் பார்ப்பார். தண்ணீர், அடுப்பு, நூல் மூன்றையும் புஷ்பலதா பார்ப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டறையின் ஆழ்துளைக் கிணற்றில் நீர் உவர்ப்பு ஏறி, சவுக்காரம் திரியத் தொடங்கியது. பின்பு அந்த நீரும் நின்றுபோனது. டேங்கர் தண்ணீரை வாங்கி ஓட்டினார்கள். ஒவ்வொரு டேங்கரிலும் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீர். ஒரே கலவையில் தோய்த்த மாம்பழ மஞ்சள் இரண்டு டேங்கருக்கு இரண்டு மஞ்சளாக வந்தது. ஒரு கல்யாணப் புடவைக்கான நூல் முழுவதும் திரும்பி வந்த நாளில், காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் தன் பெரியப்பா மகனிடம் வேலைக்குச் சேர்ந்துகொள்வதாகத் தமிழ்வாணன் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

“தை மாசம் வரைக்கும் டைம் குடுங்க,” என்று புஷ்பலதா கேட்டார். “நெலத்துல ஒரு போர் போட்டுப் பாத்துடலாம். நல்ல தண்ணி வந்தா பட்டறையையே அங்க கொண்டுபோயிடலாம். வரலைன்னா நானே பாத்திரத்தயெல்லாம் கட்றேன்.”

“ஒரே ஒரு போர். அதுக்கு மேல பேஜாரு பண்ணக்கூடாது,” என்றார் தமிழ்வாணன். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அமிர்தாவை அறிமுகப்படுத்த வேண்டும். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஆரணியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது புஷ்பலதாவுக்குப் பள்ளித் தோழி. மடியில் கல்லுடன் வரும் தோழியைப் பார்த்துப் பார்த்தே தனக்குக் கல் பைத்தியம் பிடித்தது என்பது அமிர்தாவின் வாக்குமூலம். கல்லூரியில் நிலவியல் படித்து, இப்போது விவசாயிகளுக்கு நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் தொழிலில் இருக்கிறார். மார்கழியில் ஒரு காலை, புஷ்பலதா அவரை நிலத்துக்கு அழைத்துப்போனார். கறுப்பு மேட்டைக் கண்டதும் அமிர்தா செருப்பை உதறிவிட்டு ஏறிவிட்டார்.

“ஏன்டி, இத்தன வருசமா இந்தக் கல்ல இன்னான்னு நெனச்சிகினு இருந்த?”

“பீமன் வெளையாண்ட கோலிகுண்டுன்னு எங்க அப்பா சொல்லுவாரு.”

“பீமனுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி வந்ததுடி இது. குண்டு இல்ல, சுவரு. கீழருந்து வந்து நிக்கற சுவரு.”

அமிர்தா அன்று சொன்னதைப் புஷ்பலதா பின்னாளில் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார். இருவரும் சொல்வது ஒத்துப்போவதால் சுருக்கி எழுதுகிறேன். நூறு கோடி ஆண்டுகளில் கணக்கிட வேண்டிய பழங்காலத்தில், இந்தச் சாம்பல் பாறை மிக ஆழத்தில் கிடந்தது. அதில் ஒரு வெடிப்பு ஓடியது. அடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு அந்த வெடிப்பில் ஏறி நிரம்பியது. ஆனால் வெளியே வந்து வழியவில்லை. வானத்தையே பாராமல் உள்ளேயே உறைந்துபோனது. அதன்பின் வெயிலும் மழையும் மேலே இருந்த நிலத்தை அடுக்கடுக்காக அரித்துத் தள்ளின. சாம்பல் பாறை உளுத்து மண்ணாகக் கரைந்தது. கறுப்புப் பாறை இங்கே எளிதில் கரையவில்லை. சுற்றியிருந்தது தாழ்ந்துபோக, தாழாமல் நின்றதுதான் மேடு. அமிர்தாவின் துறையில் இத்தகைய சுவருக்கு ‘டைக்’ என்று பெயர். தொலைவில் தெரியும் மொட்டைக் குன்றுகளில் சிலவும் இப்படி உள்ளேயே உறைந்த பெரும் பாறைக்கட்டிகள்தாம் என்றார் அவர்.

புஷ்பலதா குனிந்து காலடி மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்போ நாம நிக்கற இந்த எடம் பூமிக்கு உள்ளயா இருந்துது?”

“ஆமா.”

“எம்மாம் ஆழத்துல?”

“மலைய தூக்கி மலை மேல வெச்சாலும் பத்தாது. அம்மாம் ஆழம்.”

“அடியாத்தே! நான் அங்க மல்லாட்ட போட்டுகினு இருந்திருக்கேன்!” என்று புஷ்பலதா கைகொட்டிச் சிரித்தார். அன்று அவருக்கு உணவே இறங்கவில்லையாம்.

இன்னொன்றையும் அமிர்தா உடைத்துக் காட்டினார். மேட்டின் நடுப்பகுதிக் கல்லை உடைத்தால் உப்பும் மிளகும் கலந்தாற்போலப் பரல் பரலாக இருந்தது. ஓரத்துக் கல்லோ மாவாட்டியது போல வழுவழுப்பு. நிதானமாக ஆறும் சர்க்கரைப் பாகில் கற்கண்டு பெரிதாகத் திரளும். சட்டென்று ஆறினால் சிறு துகள்தான். குழம்பின் நடுப்பகுதி நிதானமாக ஆறியது; குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரங்கள் சட்டென்று ஆறின. பட்டறையில் கொதியும் பதமும் பழகிய புஷ்பலதாவுக்கு இது ஒரே தடவையில் மனத்தில் பதிந்தது.

இனி நீரின் கதை. நிலத்தின் சரிவு வடக்கிலிருந்து தெற்கு. மழைநீர் மண்ணுக்கடியில் அதே திசையில் கசிந்து இறங்கும். இறுகிய கறுப்புச் சுவர் குறுக்கே நின்றால் அதற்கு வடக்கே நீர் தேங்கும். “ஏரிக்கரை மாதிரிதான். ஆனா பூமிக்குள்ள இருக்கற கரை,” என்றார் அமிர்தா. வடக்குப் பக்கத்து நிலத்தின் கிணறு வற்றியதே இல்லை என்பதும், தெற்குப் பக்கத்துக் கிணறு கோடையில் காய்ந்துவிடும் என்பதும் அந்தக் கணத்தில் புஷ்பலதாவுக்கு விளங்கின. மேற்கே மேடாகத் தெரியும் சுவர் இவர் நிலத்தின் ஓரத்தில் மண்ணுக்குள் மறைகிறது. கிழக்கே இரண்டு நிலங்கள் தாண்டி மீண்டும் கறுப்புக் கற்கள் தலைகாட்டுகின்றன. இடையில், இவருடைய மண்ணுக்கடியில் அது எவ்வழியே போகிறது? அதற்கு வடக்கே துளையிட வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அமிர்தா கருவியுடன் வந்தார். நிலத்தில் கம்பிகள் அடித்து, மின்சாரம் செலுத்தி, பாறையின் தடையை அளக்கும் கருவி. அதே நாளில் புஷ்பலதா தன் சித்தப்பா தசரதனையும் வரவழைத்திருந்தார். தந்தையுடன் பாவு நீட்டியவர்; அவருடன் தெருக்காரர்கள் ஒரு கூட்டம். தோளில் கயிற்றுச் சுருணை, கையில் கழிகள்.

“இன்னாடி, கல்யாணத்துக்கு வந்தா மாதிரி வந்துகீறாங்க?” என்றார் அமிர்தா.

“உன் மெஷின் ஒரு பக்கம் பாக்கட்டும். எங்க ஆளுங்க ஒரு பக்கம் பாக்கட்டும்,” என்றார் புஷ்பலதா.

மேற்கு மேட்டின் நடுவில் ஒரு கழி. கிழக்கே கறுப்புக் கற்களின் நடுவில் ஒரு கழி. இடையில் வயல்களைத் தாண்டிக் கயிற்றை நீட்டினார்கள். தெருவில் பாவு நீட்டும் அதே கூச்சல்: “இழு, இழு! வுடாத! நடுவுல தூக்கு!” வேலியோரம் கூடிய ஜனங்கள், நிலத்துக்கே புடவை நெய்யப்போகிறார்களா என்று கேலி செய்தார்கள். கயிறு புஷ்பலதாவின் நிலத்தில் சரியாக, அங்கே நிற்கும் ஒரு நுணா மரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு போனது.

ஒரு சிறு சிக்கல் அப்போதே தெரிந்தது. மேடு முடியும் இடத்தில், கடைசிக் கற்களைக் கயிறு தொடவில்லை. வடக்கே விலகி நின்றது. அமிர்தாதான் முதலில் பார்த்தார்.

“சித்தப்பா, கயிறு ஒரு பக்கம் போவுது, மேடு ஒரு பக்கம் போவுதே?”

“அது தொய்வும்மா,” என்றார் தசரதன். “டேய், இன்னும் கொஞ்சம் இழுங்கடா!”

இழுத்தார்கள். கயிறு வீணைத் தந்தி போல விறைத்தது. அப்போதும் விலகலே.

“அப்போ அந்தக் கல்லுங்க உருண்டு வந்திருக்கும்,” என்று முடித்தார் தசரதன். புஷ்பலதாவும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தலையாட்டினார். பாவு நீட்டுகிறவர்களுக்கு, ஒரு முனையில் புறப்பட்ட இழை மறுமுனை வரை நேராக வந்தே தீரும். விலகல் தெரிந்தால் இழுப்பில்தான் குறை. இழை பாதி வழியில் நின்று, வேறோர் இழை பக்கத்தில் தொடங்கும் என்பது அவர்கள் தொழிலில் இல்லாத செய்தி.

அமிர்தாவின் கருவி நுணா மரத்தருகே ஈரம் இருப்பதாகக் காட்டியது. ஆனால் கயிற்றின்படி அந்த மரம் சுவரின் தலைமேலேயே நிற்கிறது. இறுகிய சுவரில் ஏது ஈரம்? “மரத்து வேரு ஈரமா இருக்கும்,” என்று அமிர்தா அந்த அளவைத் தள்ளிவைத்தார். கருவியை நம்பாமல் கயிற்றை நம்பியது தானும்தான் என்று அவர் இன்றும் சொல்வதால், தசரதன் ஒருவர்மேல் மட்டும் பழி எழுதுவது நியாயமாகாது. மூவரும் சேர்ந்தே, கயிற்றுக்கு வடக்கே நன்றாகத் தள்ளி, நிலத்தின் வடகிழக்கு மூலையில் குறி போட்டார்கள்.

தை பிறந்ததும் துளையிடும் லாரி வந்தது. ஓட்டி வந்தவர் திருச்செங்கோட்டுக்காரரான செங்கோட்டுவேல். காலையில் வேலை தொடங்கியது. முதலில் செம்மண், பிறகு சாம்பல் வெள்ளையாகப் பாறைமாவு. புஷ்பலதா முந்தானையில் சவுக்காரத்தை முடிந்துகொண்டு நின்றார். உச்சி வெயிலில் துளையிலிருந்து எழுந்த புழுதியின் நிறம் மாறியது. கறுப்பு. மை போன்ற கறுப்பு. நுணா மரத்தின் இலைகள்கூடக் கறுத்தன.

செங்கோட்டுவேல் இயந்திரத்தை நிறுத்தினார். “கறுப்பு மாவு விடறதாவே இல்லீங்க அக்கா. சுவத்து மேலயே வெச்சுட்டோமுங்க. இன்னும் இறக்குனாலும் இதேதானுங்க.” எந்த ஆழத்தில் நிறுத்தினார் என்பதில் அவருக்கும் தமிழ்வாணனுக்கும் கருத்து வேறுபாடு உண்டு, முடிவை அது மாற்றாது.

தமிழ்வாணன் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். காஞ்சிபுரத்துக்குத்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

புஷ்பலதா அதைப் பார்க்காதவர் போல மேற்கே நடக்கத் தொடங்கினார். மேடு முடியும் இடம். கயிறு தொடாமல் போன அந்தக் கடைசிக் கற்கள். “உருண்டு வந்த கல்லுன்னா நடுக்கல்லு மாதிரியும் இருக்கணும், ஓரக்கல்லு மாதிரியும் இருக்கணும், கலந்து இருக்கணும்னு தோணிச்சி,” என்று பின்னர் சொன்னார். சுத்தியால் ஒன்றை உடைத்தார். வழுவழுப்பு. அடுத்ததை உடைத்தார், அதுவும் மாவு போல. பாதி மண்ணில் புதைந்து, அசைக்க முடியாமல் நின்ற நடுக்கல்லைத் தட்டி ஒரு சில்லு பெயர்த்தார். அதிலும் பரல் இல்லை.

அடுத்த கணம் அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்ததை அங்கிருந்த அனைவரும் கண்டார்கள்.

“அமிர்தா! நடுவே இல்லடி அங்க! ரெண்டு ஓரமும் ஒண்ணா சேந்துடுச்சி! சுவரு அங்கியே முடியுது!”

அமிர்தா கல்லை வாங்கிப் பார்த்தார். கண்ணுக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டுதான் தமிழ்வாணன் தொலைபேசியைப் பையில் போட்டாராம்.

“ஒரே வெடிப்பு இல்லடி, ரெண்டு வெடிப்பு!” என்று அமிர்தா மண்ணில் குச்சியால் கோடு இழுத்தார். மேற்கிலிருந்து வரும் கோடு ஒன்று பாதியில் நின்றது. கிழக்குக் கோடு அதற்கு வடக்கே தள்ளித் தொடங்கியது. “கொழம்பு இந்த வெடிப்பு முடிஞ்ச எடத்துல நின்னுபோச்சி. பக்கத்து வெடிப்புல வேற ஏறி இருக்கு. அதோட தலை மேலதான் இப்ப ஓட்டை போட்டோம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சாம்பல் பாறை நொறுங்கிப்போயிருக்கும். மேல தேங்குற தண்ணியெல்லாம் எது வழியா கீழ எறங்கும் சொல்லு?”

“மதகு!” என்றார் புஷ்பலதா. “கரைக்கு மதகு மாதிரி!”

“அதேதான். உன் நுணா மரம் மதகு மேல நிக்குது. அன்னிக்கி மெஷின் சொல்லிச்சி, நான்தான் கேக்கல.”

“அப்போ என் நூலு?” என்று தசரதன் பரிதாபமாகக் கேட்டார்.

“உங்க நூலு நேராத்தான் இருந்துது சித்தப்பா. கல்லுதான் உங்ககிட்ட வந்து தொழில் கத்துக்கல,” என்றார் புஷ்பலதா.

சிரிப்பு அடங்கியதும் புஷ்பலதா கணவரைப் பார்த்தார். ஒரே ஒரு துளை என்பது ஒப்பந்தம். லாரி மறுநாள் கலசப்பாக்கத்தில் இருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒரு முறை நகர்த்த முடியும் என்றார் செங்கோட்டுவேல்.

“இதுவும் கறுப்பா வந்தா?” என்றார் தமிழ்வாணன்.

“வந்தா நாளைக்கி காலையில பாத்திரத்த கட்றேன். காஞ்சிபுரம் வந்து உங்க அண்ணனுக்கே நூலு அலசறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

தமிழ்வாணன் மனைவியின் கையிலிருந்த கல்லை வாங்கி, வெயிலில் நூலின் நிறம் பார்ப்பது போலவே தூக்கிப் பார்த்தார். பிறகு செங்கோட்டுவேலிடம் திரும்பினார். “வண்டிய நகத்துங்க. ஜல்தி.”

மரத்துக்குச் சேதமில்லாமல் சில அடி தள்ளி லாரியை நிறுத்தினார்கள். மீண்டும் செம்மண். மீண்டும் சாம்பல் மாவு. மாலை வெயில் மஞ்சளாயிற்று. சமண வழக்கப்படி சூரியன் மறைந்தபின் அமிர்தா உண்பதில்லை என்பதால், கிடைத்த இடைவெளியில் லாரிக்கு அருகிலேயே உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் புழுதி நின்றது. துளையிலிருந்து துரு நிறத்தில் உடைந்த கற்கள் தெறித்தன. பின்பு சேறு. பின்பு, லாரியின் உயரத்துக்கு மேலே பீறிட்டு எழுந்தது தண்ணீர்!

அமிர்தாவின் எலுமிச்சை சாதம் முழுவதும் சேறாயிற்று. அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூத்தாடினார். தசரதன் நனைந்த வேட்டியோடு, “மதகு தொறந்துகிச்சிடோய்!” என்று வேலியை நோக்கிக் கத்தினார்.

புஷ்பலதா மட்டும் கூத்தாடவில்லை. தண்ணீர் வந்தது பாதிதான்; அது எப்படிப்பட்ட தண்ணீர் என்பது மீதி. சேறு தெளியும்வரை குடத்துடன் நின்றார். கலங்கல் குறைந்து நீர் நிறமிழந்ததும் ஒரு குடம் பிடித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சவுக்காரத்தை நீரில் நனைத்து இரு கைகளுக்கிடையே தேய்த்தார். எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடினார்கள். இயந்திரத்தை ஓடவிட்டுச் செங்கோட்டுவேலும் வந்துவிட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரலிடுக்கில் ஒரு வெண்மை. அது திரளுமோ என்று தமிழ்வாணன் குனிந்தார். திரளவில்லை. பொங்கியது. மணிக்கட்டு வரை, முழங்கை வரை பொங்கியது. புஷ்பலதா இரண்டு கை நுரையையும் அப்படியே கணவர் முகத்தில் அப்பினார். நம் குடும்பத்தில் பலர் முன்னிலையில் இப்படி நடந்ததாக வேறு பதிவு இல்லை.

அந்த நேரம் தமிழ்வாணனின் தொலைபேசி ஒலித்தது. காஞ்சிபுரம். நுரை வழியும் முகத்தோடு அவர் எடுத்தார்.

“அண்ணே, ஒண்ணும் கேக்கலண்ணே. இங்க ஒரே தண்ணி சத்தம். நான் அப்பறம் பேசறேன்!”

பட்டறை பங்குனியில் அந்த நிலத்துக்கு மாறியது. முதல் கொதியில் தோய்த்த மாம்பழ மஞ்சள், முதல் நூல் சிட்டத்திலிருந்து கடைசிச் சிட்டம் வரை ஒரே மஞ்சள். வடகிழக்கு மூலையில் போட்ட துளையை இறுக மூடி, அதன்மேல் மேட்டிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை உருட்டி வைத்திருக்கிறார்கள். தசரதனின் கழி ஒன்று இன்னும் அங்கேயே நிற்கிறது.

நூல் கொண்டு வருகிறவர்களைப் புஷ்பலதா உடனே அனுப்புவதில்லை. நுணா மரத்தடிக்கு அழைத்துப்போய்க் காலடியைக் காட்டுவார். அவர்களும் ஏதோ பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்குவார்கள்.

“பயப்படாதீங்க. நீங்க நிக்கறீங்களே, இந்த எடம் ஒரு காலத்துல பூமிக்கு உள்ள இருந்துது. தெரியுமா?”